புதிதாய்ச் சேர்பவருக்கு முதல் நாளே கணினி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்களில் எல்லாவற்றையும் தானியங்கியாக்கி இளைஞர்களின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார்கள் என்று ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. என் தம்பி மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஆனால் கையாலேயே செய்துகொண்டிருப்பதால் இளைஞர்கள் அடிபடும் வேலை ஒன்றும் இருக்கிறது. புதிதாய்ச் சேர்பவருக்குக் கணினியைத் தயார்செய்து கொடுக்கும் வேலை அது. அதை 15 வருடம் என் கையால் செய்தவள் என்பதால் எழுதுகிறேன்.

திருச்சியில் மெடிக்கல் கோடிங் நிறுவனம் ஒன்றில் ஐ.டி. சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் டாக்டர்கள் எழுதும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது கோடர்களின் வேலை. சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால் இ11.9. இந்த ஐ.சி.டி.-10 குறியீட்டு முறை அங்கே 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. காப்பீட்டுப் பணம் இந்தக் குறியீடுகளை வைத்துத்தான் கைமாறுகிறது. திருச்சி, சேலம், கோவை, சென்னை என்று நம் ஊர்ப்பக்கம் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நர்சிங், பார்மசி படித்த பிள்ளைகள் பலர் இதில்தான் முதல் சம்பளம் வாங்குகிறார்கள்.

அந்தக் குறிப்புகள் முன்பின் தெரியாத ஒருவருடைய உடம்பைப் பற்றியவை. அதனால் அவை கோடரின் மேஜையில் இருக்கும் கணினிக்குள் இறங்கவே கூடாது. இதற்காகத்தான் மெய்நிகர் கணினி. நாங்கள் வி.டி.ஐ. என்போம். உண்மையான கணினி எங்கோ ஒரு சர்வரில் ஓடும். இங்கே திரையில் அதன் படம்தான் தெரியும். நாம் அழுத்தும் விசையும் மவுஸின் அசைவும் அங்கே போய்ச் சேரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சி.பி.யு.வை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் ஊருக்குப் போனதைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் எங்கள் தொழிலில் பல இடங்கள் மொத்தமாக வி.டி.ஐ.க்கு மாறின.

கணினி கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அது சும்மா வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்கு டைரக்டரியில், அதாவது எல்லோருடைய லாகினும் இருக்கும் பட்டியலில், கணக்குத் திறக்க வேண்டும். அவருடைய புராஜெக்டுக்குரிய குழுவில் சேர்க்க வேண்டும். மாஸ்டர் இமேஜ் என்ற மூல நகலிலிருந்து ஒரு மெஷினை, அதாவது மெய்நிகர் கணினியை, நகலெடுக்க வேண்டும். அதை நிறுவனத்தின் டொமைனில் (அலுவலக நெட்வொர்க்கில்) இணைத்து, இந்த மெஷின் இன்னாருக்கு என்று ஒதுக்க வேண்டும். கோடிங் மென்பொருளுக்கு லைசென்ஸ் போட வேண்டும். கடைசியாகக் கடவுச்சொல்லை அவர் கையில் சேர்க்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் ஆளுக்கு 40 நிமிடம் ஆகும். திங்கட்கிழமை காலை 23 பேர் வந்து உட்கார்ந்தால் இரண்டு பேர் என்ன செய்ய முடியும்?

2021-ல், முன்பு நான் வேலை பார்த்த வேறொரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்படி ஒரு 23 பேர் பேட்ச். எச்.ஆரிலிருந்து ஞாயிறு இரவு எக்ஸெல் பட்டியல் வந்தது. அதில் மணப்பாறைப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண். வீட்டில் முதல் பட்டதாரி. அவள் பெயரை எழுதப் போவதில்லை. எஸ்.பிரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு புராஜெக்டில் ஏற்கெனவே ஓர் எஸ்.பிரியா இருந்தார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் அந்தப் படிவங்கள் எல்லாம் கடைசிப் பெயர் கேட்பவை; நாம் அங்கே ஓர் எழுத்தைப் போட்டு வைக்கிறோம். நூறு பேர் இருக்கும் இடத்தில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் இரண்டு மூன்று பேருக்கு இருப்பது இங்கே சாதாரணம். ஒரே லாகின் பெயரை இரண்டு பேருக்கு டைரக்டரி கொடுக்காது. அதனால் புதியவளின் லாகின் பெயருக்குக் கடைசியில் 1 என்ற எண் சேர்ந்தது. மெஷினை ஒதுக்கும்போது திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. நான் 1 இல்லாத பெயரைத் தொட்டுவிட்டேன்.

புதியவளின் மெஷின் பழையவருக்குப் போயிற்று. பழையவர் வழக்கம்போல் தன் சொந்த மெஷினில் வேலை பார்த்தார்; கூடுதலாக ஒன்று வந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை. புதியவள் உள்ளே நுழைந்தால், உங்களுக்கு டெஸ்க்டாப் எதுவும் இல்லை என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் வந்தது. எங்கள் பிரிவுக்கு டிக்கெட், அதாவது கணினிவழிப் புகார், போட்டாள். என் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே டெஸ்க்டாப் ஒதுக்கியாகிவிட்டது என்று இருந்தது. நான் அந்த டிக்கெட்டை மூடினேன். மறுநாள் இன்னொரு டிக்கெட் போட்டாள். அதை என்னோடு வேலை பார்த்த பையன் மூடினான்.

நான்கு நாள் அவள் அடுத்த நாற்காலிக்காரியின் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக் காலத்தில் தினமும் இத்தனை சார்ட் (நோயாளிக் குறிப்பு) முடிக்க வேண்டும், துல்லியம் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கணினி இல்லாத நாளுக்கு அந்தக் கணக்கில் விலக்கு கிடையாது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை டீம் லீடர் ஒரு துண்டுச் சீட்டில் பிரசவ விடுப்பில் இருந்த ஒருவரின் லாகினையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்து, “உன்னோடது வர்ற வரைக்கும் இதுல பண்ணும்மா” என்றார். அவளும் செய்தாள். எட்டு வேலை நாள்.

அப்புறம் தணிக்கை வந்தது. விடுப்பில் இருப்பவரின் லாகினிலிருந்து தினமும் நோயாளிக் குறிப்புகள் திறக்கப்பட்டிருக்கின்றன, யார் திறந்தது? அமெரிக்காவில் நோயாளிகளின் தகவலைக் காக்க ஹிப்பா என்று 1996-ல் வந்த சட்டம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி லாகின் இருக்க வேண்டும் என்பது அதன் கீழ் வந்த பாதுகாப்பு விதிகளில் ஒன்று. யார் எதைப் பார்த்தார்கள் என்று பின்னால் சொல்ல முடியாவிட்டால் மற்ற காவல் எதற்கும் அர்த்தம் இல்லை. விசாரணை அறையில் டீம் லீடர், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். துண்டுச் சீட்டு யாரிடமும் இல்லை. அன்று மாலையே அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். அனுபவச் சான்றும் இல்லை, அந்த மாதச் சம்பளமும் முழுசாக இல்லை.

போகும்போது என் இடத்துக்கு வந்தாள். “மேடம், நான் ரெண்டு டிக்கெட் போட்டேன் மேடம். நீங்களாவது சொல்லுங்க” என்றாள். அப்போதுதான் நான் ஒதுக்கீட்டைத் திறந்து பார்த்தேன். கடைசியில் 1 இல்லாத பெயர். மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். டெஸ்க்டாப் தவறியது வேறு, அடுத்தவர் லாகினைப் பயன்படுத்தியது வேறு, இரண்டையும் கலக்காதே என்றார்கள். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த விதியை மீற வேண்டிய இடத்துக்கு அவளைக் கொண்டு நிறுத்தியது என் கை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது இருக்கும் நிறுவனத்தில் 2023-ல் இந்த வேலையைத் தானியங்கியாக்கும் வாய்ப்பு வந்தபோது நானே முன்வந்து கேட்டு வாங்கினேன். வொர்க்ஃப்ளோ என்பார்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அதற்கடுத்தது என்று படிகளை வரிசையாகக் கட்டி வைப்பதுதான். அதன் ஒவ்வொரு படியையும் அந்தப் பெண்ணை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

முதல் விஷயம், பெயரை நம்பக் கூடாது. எங்கள் வொர்க்ஃப்ளோ பணியாளர் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கும். பெயர், இனிஷியல் எல்லாம் மனிதர்கள் படிப்பதற்கு. கீர்த்தனா என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எச்.ஆரில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். எண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, பட்டியல் மின்னஞ்சலில் வரக் கூடாது. எச்.ஆர். தன் மென்பொருளில் சேரும் தேதியைப் பதிந்ததுமே விண்ணப்பம் பிறக்கும். புராஜெக்ட் மேலாளருக்குப் போகும். இவர் என் ஆள்தான், இந்தக் குழுவுக்குத்தான் வருகிறார் என்று அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் மேற்கொண்டு நகரும். இந்த ஒரு படியை மட்டும் மனிதரிடமே விட்டிருக்கிறோம். நோயாளிகளின் குறிப்பை யார் பார்க்கலாம் என்பதை ஒரு மெஷின் தீர்மானிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் விடுப்பில் இருந்தால் அவருக்கு அடுத்தவருக்குப் போகும். இரண்டு பேரும் பார்க்காவிட்டால் மூன்றாம் நாள் என் போனுக்கு வரும்.

ஒப்புதல் வந்ததும் கணக்கு திறக்கும், குழுவில் சேரும். இங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டோம். எங்கள் டைரக்டரி அலுவலகத்து சர்வரில் இருக்கிறது. மெய்நிகர் கணினிகள் மைக்ரோசாஃப்ட் வாடகைக்கு விடும் அஷூர் சர்வர்களில் இருக்கின்றன. இங்கே திறந்த கணக்கு அங்கே போய்ச் சேர நேரம் எடுக்கும். தானாக நடக்கும் ஒத்திசைவு வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான். முதல் மாதம் எங்கள் வொர்க்ஃப்ளோ கணக்கைத் திறந்த கையோடு மெஷினை ஒதுக்கப் போய், அப்படி ஒரு நபரே இல்லை என்று அடிபட்டுத் திரும்பியது. இப்போது அந்தப் பக்கம் கணக்கு வந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, வந்த பிறகே அடுத்த படிக்குப் போகிறது. அவசரப்பட்டு நாங்கள் கையால் செய்த நாட்களில் இதே காரணத்தால் எத்தனை பேர் காரணம் தெரியாமல் காத்துக் கிடந்தார்களோ.

மெஷினை ஒதுக்குவதில் இரண்டு வழி உண்டு. முதலில் யார் உள்ளே வருகிறாரோ அவருக்குக் காலியாக இருக்கும் மெஷின் சொந்தமாவது ஒன்று. இந்த மெஷின் இந்த ஆளுக்கு என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைப்பது இன்னொன்று. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருந்தால் முதல் வழி போதும், வேலை மிச்சம். எங்களுக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை மென்பொருள் வேறு, அதனால் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறோம். இன்னும் சில இடங்களில் நிலையான மெஷினே கிடையாது. வெளியே வந்ததும் அந்த மெஷின் அழிந்துபோகும், அடுத்த நாள் புதிது பிறக்கும், அவருடைய அமைப்புகள் மட்டும் தனி வட்டில் இருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அது இன்னும் நல்ல முறை என்பேன். எங்கள் மென்பொருள் சில அதற்கு ஒத்துவரவில்லை.

முடித்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன் வொர்க்ஃப்ளோ தானே சரிபார்க்க வேண்டும் என்பதில் நான் அதிக நாள் செலவிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறதா, அதில் ஒதுக்கியிருக்கும் பணியாளர் எண்ணும் விண்ணப்பத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கும். இல்லையென்றால் அங்கேயே நிற்கும், யாராவது வந்து பார்க்கும்வரை அந்த விண்ணப்பத்தை மூட முடியாது. நான் மூடிய மாதிரி இனி யாரும் மூட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு நாள் பாதியில் நின்ற வொர்க்ஃப்ளோவை நாங்கள் மறுபடி ஓட்டியபோது, ஏற்கெனவே மெஷின் கிடைத்தவர்களுக்கும் இன்னொன்று பிறந்துவிட்டது. மெஷினை நிறுத்தி வைத்தாலும் அதன் வட்டுக்கு வாடகை ஓடும். மாதக் கடைசியில்தான் தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு படியும், இது ஏற்கெனவே நடந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறது. இந்த வேலையில் இறங்கும் தம்பி தங்கைகள் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சேர்வதற்கு இவ்வளவு பாடுபடும் இடங்களில்கூட விலகுவதை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பிரசவ விடுப்பு லாகின் நீண்ட விடுப்புக்கு முடக்கப்பட்டிருந்தால் டீம் லீடர் அதை எழுதிக் கொடுத்திருக்கவே முடியாது. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கு மாதக்கணக்கில் திறந்தே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று புராஜெக்ட் மாறிய ஒருவருக்கு மூன்று மருத்துவமனைகளின் கதவும் திறந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது, நீக்கச் சொல்லி வரவில்லை. வேலையை விட்டவரின் அணுகலை முடிக்க ஒரு முறை இருக்க வேண்டும் என்பதும் அந்த ஹிப்பா விதிகளில் இருக்கிறது. இப்போது எச்.ஆர். கடைசி நாளைப் பதிந்தால் அன்று மாலை கணக்கு முடங்கும். கணக்கை முடக்கினால் போதாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் திரை அதனால் உடனே அணைந்துவிடாது, அவர் வேலை பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் ஓடும் இணைப்பைத் துண்டிப்பது தனிப் படி. பிறகு குழுக்களிலிருந்து நீக்கி, மெஷினை 30 நாள் வைத்திருந்து, யாரும் எதுவும் கேட்காவிட்டால் அழிக்கிறோம்.

அந்த ஓய்வுபெற்ற வாசகருக்கு நான் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. எங்கள் பிரிவில் இரண்டு பையன்கள் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். கணக்குத் திறக்கும் வேலை குறைந்ததும் ஒருவனுடைய ஒப்பந்தத்தை நீட்டவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. மற்றவன் இப்படிப்பட்ட வேலைகளைத் தானாக ஓட வைக்கும் பவர்ஷெல் என்ற கட்டளை மொழியைக் கற்றுக்கொண்டு இன்று இந்த வொர்க்ஃப்ளோவைப் பார்த்துக்கொள்கிறான். எந்தப் படியில் எப்படிச் சறுக்கும் என்பது கையால் செய்தவர்களுக்குத்தான் தெரியும்; அவர்களிடம் கேட்டு எழுதிவிட்டு அவர்களையே வெளியே அனுப்புவது நியாயம் இல்லை. நிர்வாகங்கள் இதற்கு ஆறு மாதப் பயிற்சியாவது கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அந்த முதல் பையனுக்கு அது கிடைத்திருந்தால் அவனும் இங்கேயே இருந்திருப்பான்.

மெடிக்கல் கோடிங், பி.பி.ஓ. நிறுவனங்களை நடத்துபவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால், பயிற்சி நாட்களைச் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். கணினி கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். அந்தத் தேதி வொர்க்ஃப்ளோவில் பதிவாகியிருக்கும், யாரும் மறுக்க முடியாது. அடுத்தவர் லாகினில் ஒருவர் வேலை பார்த்தது தெரிந்தால், அன்று அவருக்குச் சொந்த லாகினும் கணினியும் இருந்தனவா என்று முதலில் பாருங்கள்.

புதிதாய்ச் சேரும் பிள்ளைகளுக்கு: யார் சொன்னாலும் இன்னொருவர் லாகினில் நுழையாதீர்கள். டீம் லீடர் வற்புறுத்தினால், சரி சார், ஒரு மெயில் போடுங்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்பதில் தப்பு எதுவும் இல்லை. டிக்கெட் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிக்கல் தீராமலே மூடிவிட்டால் திரும்பத் திறங்கள். பத்து தடவை வேண்டுமானாலும் திறங்கள். எரிச்சல்படுவார்கள், படட்டும். கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களும், நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும் என்பதோடு இதையும் ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று ஐ.டி. நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்காக்கள் வந்துவிட்டன. இனி இந்த வேலைகள் இன்னும் சின்ன ஊர்களுக்கும் வரும். அங்கே முதல் தலைமுறையாக அலுவலகத்துக்குள் நுழையும் பிள்ளைக்கு ஐ.டி.யில் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். டிக்கெட்டை யார் மூடினார்கள் என்று போய்க் கேட்கத் தோன்றாது. தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். மணப்பாறைப் பெண் நான்கு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதை சனிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை 31 பேர் சேர்கிறார்கள். 30 பேருக்குப் பச்சை விழுந்துவிட்டது. ஒருவருடையது மட்டும் நிற்கிறது. பணியாளர் எண் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. எச்.ஆரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறேன், பஸ்ஸில் இருக்கிறாராம், வீட்டுக்குப் போனதும் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அது சரியாகும்வரை நான் கிளம்பப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவெறும்பூர், திருச்சி.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)